சொந்த ஊரைப் படிக்கும் பட்டம்

நூறாண்டுக்கு முன்பு சென்னை மாகாண மாணவர்கள் விடுமுறையில் செய்துகாட்டிய வேலையை, இன்றைய சமூகவியல் வகுப்புகள் ஏன் கைவிட்டன?

வேதியியலோ கணினி அறிவியலோ படிக்க வரும் மாணவர், தமக்கு அத்துறையில் அதிகம் தெரியாது என்ற எண்ணத்தோடு முதல் வகுப்பில் அமர்கிறார். சமூகவியல் இளங்கலையில் சேர்பவரோ குடும்பம், சாதி, திருமணம், கோயில், சந்தை, தேர்தல் எனப் பாடத்திட்டத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே வாழ்ந்துவிட்டு வருகிறார். தெரிந்ததைப் படிக்க மூன்றாண்டுகள் எதற்கு என்ற கேள்வி வீட்டிலும் எழுகிறது, வகுப்பிலும் எழுகிறது. அறிந்ததாக எண்ணிக்கொண்டிருப்பதை அயலாரின் கண்கொண்டு மறுபடி விசாரிக்கும் பயிற்சியே இப்படிப்பு என்பது அக்கேள்விக்குத் துறையினர் தரும் விடை. விடை சரியானதுதான். ஆனால் அந்தப் பயிற்சியை நான்கு சுவர்களுக்குள் உட்கார்ந்து பெற முடியாது. தமிழகக் கல்லூரிகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள்தான் நடக்கிறது.

சமூகத்தை ஆராயும் தனி அறிவியலுக்குப் பெயர் வழங்கச் செய்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஒகுஸ்ட் கோம்த், ஆண்டு 1838. அப்பெயருக்கு ஒரு முறையியலைத் தந்தவர்களுள் முதன்மையானவர் எமில் துர்க்கைம். 1895இல் வெளிவந்த தமது நூலில் அவர் 'சமூகப் பொருண்மை' என்னும் கருத்தை முன்வைத்தார். தனிமனிதருக்கு வெளியே நிலைபெற்று, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அவரைக் கட்டுப்படுத்துகிற நடத்தை முறைகளையும் எண்ண முறைகளையும் அது குறிக்கிறது. அவற்றை மனத்தின் விருப்பு வெறுப்புகளாகக் கருதாமல், புறத்தே உள்ள பொருள்களை ஆராய்வதுபோல ஆராய வேண்டும் என்பது துர்க்கைமின் விதி. முதலாண்டு மாணவர் இதை மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். புரிந்துகொள்வதற்கு அவருக்கு ஒரு மொய் நோட்டு வேண்டும்.

திருமணத்தில் எழுதப்படும் மொய்யைச் சட்டம் எதுவும் கட்டாயமாக்கவில்லை. எழுதாதவருக்கு அபராதமும் இல்லை. ஆயினும் வந்த தொகையைப் பெயரோடும் ஊரோடும் பதிந்து வைப்பதும், அவர்கள் வீட்டு விசேஷத்தின்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்வதும், குறைந்தால் பேச்சு வரும் என்று அஞ்சுவதும் தலைமுறைகளாக நடந்து வருகின்றன. அன்பளிப்பு என்று பெயர் பெற்ற ஒன்று எவ்வாறு கடனாகவும் கடமையாகவும் இயங்குகிறது என்பதைத் துர்க்கைமின் சகோதரி மகனும் மாணவருமான மார்செல் மோஸ் 1925இல் கொடை குறித்த தமது கட்டுரையில் பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் கொண்டு விளக்கினார்: கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது ஆகிய மூன்றும் கடமைகள் என்பது அவர் கண்ட முடிவு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்தை மோஸ் கண்டிருந்தால் அவருடைய நூலில் ஓர் இயல் கூடியிருக்கும். அங்கே கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலேயே, மொய் வாங்குவதற்கென்றே பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, கறி விருந்து வைக்கிறார்கள். சேர்ந்த பணம் ஆழ்குழாய்க் கிணறாகவும் வீடாகவும் வியாபார முதலாகவும் மாறுகிறது. சில ஆண்டுகள் கழித்து மற்றவர் விருந்து வைக்கும்போது அது கூடுதலோடு திரும்பிப் போகிறது. வங்கி, வட்டி, பிணை ஏதுமின்றி ஒரு வட்டாரமே தனக்குத்தானே கடன் கொடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் பல. நோட்டில் ஆண் பெயர் எழுதப்படுகிறதா, பெண் பெயரா? எந்தத் தெருவுக்குப் பத்திரிகை போகிறது, எந்தத் தெருவுக்குப் போவதில்லை? தவறியவரை ஊர் என்ன செய்கிறது? நிலமில்லாதவர் இந்தச் சுற்றுக்குள் நுழைய முடியுமா? இந்த நான்கு கேள்விகளுக்கு விடை தேடினால் பாலினம், சாதி, சமூகக் கட்டுப்பாடு, வர்க்கம் என்னும் நான்கு பாடங்களின் வாசல் திறந்துவிடும்.

துர்க்கைமுக்கு அடுத்தபடியாக முதலாண்டில் தவறாமல் அறிமுகமாகும் பெயர் அமெரிக்கச் சமூகவியலர் சி. ரைட் மில்ஸ். 1959இல் அவர் எழுதிய நூல், தனியொருவரின் துன்பத்தையும் பொதுப் பிரச்சினையையும் வேறுபடுத்திக் காண்பதும், இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடிப்பதுமே சமூகவியல் பார்வை என்று வாதிட்டது. ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லையென்றால் அவருடைய குணத்தையும் திறமையையும் ஆராயலாம். ஐந்து கோடி உழைப்பாளர்கள் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால் குணத்தை ஆராய்வதில் பொருளில்லை, வேலைகளின் அமைப்பையே ஆராய வேண்டும் என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. பொறியியல் பட்டம் பெற்று உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞரைப் பற்றி உறவினர் பேசும் பேச்சையும் சமூகவியல் மாணவர் எழுப்பும் கேள்வியையும் பிரித்துக் காட்டுவது இந்த ஒரு கோடுதான். இதைத் தாண்டிய கோட்பாட்டு நுணுக்கங்கள், மார்க்ஸ், வேபர் முதலானோரின் விரிவான வாதங்கள், இரண்டாம் ஆண்டுக்கு உரியவை. இக்கட்டுரையின் நோக்கத்துக்கு அவை தேவையில்லை.

மும்பையில் தொடங்கிய வகுப்பு

இந்தியாவில் சமூகவியலுக்கென்று தனித்துறை 1919இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் முதல் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். உயிரியலில் தொடங்கி நகரமைப்புக்கு வந்தவர். 1914இல் அவர் தமது நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்குக் கொண்டுவர முனைந்தபோது, வரைபடங்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு வீசி, தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். கண்காட்சியை நண்பர்களின் உதவியோடு மறுபடி திரட்டிய கெடிஸ், சென்னை மாகாணத்தின் நகரங்களைச் சுற்றி வந்து தஞ்சாவூர், மதுரை உள்ளிட்ட ஊர்களுக்கு 1915இல் அறிக்கைகள் எழுதினார். திட்டம் தீட்டுவதற்கு முன் தெருத்தெருவாக நடந்து பார்க்க வேண்டும், அங்கு வாழ்பவர் எப்படி வாழ்கிறார் என்று அறிய வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இந்தியச் சமூகவியலின் முதல் பேராசிரியர் காலால் படித்தவர் என்பதை இன்றைய துறைகள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அவருக்குப் பின் 1924இல் துறையின் பொறுப்பை ஏற்ற ஜி. எஸ். குர்யே சமஸ்கிருதப் புலமையோடு வந்தவர். கேம்பிரிட்ஜில் மானிடவியல் பயின்றவர். சாதியையும் இனத்தையும் பற்றி 1932இல் அவர் எழுதிய நூல் பல தலைமுறைகளுக்குப் பாடமாயிற்று. 1921இல் லக்னோவில் ராதாகமல் முகர்ஜியின் தலைமையில் பொருளியலும் சமூகவியலும் ஒரே துறையாக அமைந்தன. குர்யேயின் மாணவரும் மைசூரில் பிறந்தவருமான எம். என். சீனிவாஸ், ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1959இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையை நிறுவினார். ஆசிரியரின் ஏட்டுப் பார்வைக்கும் மாணவரின் களப் பார்வைக்கும் இடையே ஏற்பட்ட பிளவு இந்தியச் சமூகவியலின் திருப்புமுனை. ஏட்டுப் பார்வை என்பது சாத்திரங்களும் பழைய நூல்களும் சொல்வதைக் கொண்டு சமூகத்தை விளக்குவது. அதன்படி சாதி என்பது நான்கு வருணங்களாக, மேலிருந்து கீழாக, மாறாமல் நிற்கும் ஒன்று. களப் பார்வை என்பது ஓர் ஊரில் தங்கி, அங்குள்ளவர்களோடு பழகி, யார் யார் வீட்டில் நீர் அருந்துகிறார்கள், யார் சொல்லுக்கு ஊர் கட்டுப்படுகிறது என்று கண்டறிவது. அதன்படி சாதி என்பது உள்ளூர்க் கூட்டங்களின் இடையறாத போட்டி. மானிடவியலில் இம்முறை 'பங்கேற்று உற்றுநோக்கல்' எனப்படும்.

சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு சிற்றூரில் தங்கி ஆராய்ந்தார்; நூலில் அதற்கு ராம்புரா என்று புனைபெயர் இட்டார். எண்ணிக்கையும் நிலமும் செல்வாக்கும் சேர்ந்து ஒரு வட்டாரத்தை ஆளும் சாதியைக் குறிக்கும் 'ஆதிக்கச் சாதி', கீழே வைக்கப்பட்ட சாதி மேலே உள்ளதன் சடங்குகளையும் பழக்கங்களையும் ஏற்று உயர முயல்வதைக் குறிக்கும் 'சமஸ்கிருதமயமாதல்', இன்று தொலைக்காட்சி விவாதங்களில் புழங்கும் 'வாக்கு வங்கி' ஆகிய கருத்துகள் அவர் வழியே பரவின. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவில் அவர் தங்கியிருந்த ஆய்வு மையத்தில் மூட்டப்பட்ட தீயில், அவ்வூரைப் பற்றிய குறிப்புகளைப் பல ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்ட படிகள் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதி 1976இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் இளங்கலை மாணவர்கள் விரும்பிப் படிக்கும் சில நூல்களுள் ஒன்று. மூன்றாண்டுப் படிப்பில் ஒரே ஒரு முழு நூலைத்தான் வாசிக்க முடியும் என்று சொல்லும் மாணவருக்கு அதையே பரிந்துரைக்கலாம்.

உலகம் படித்த தமிழ் ஊர்கள்

களப் பார்வை வேரூன்றிய காலத்தில் ஆய்வாளர்கள் மிகுதியாக நாடி வந்த நிலங்களுள் தமிழகமும் ஒன்று. பிரெஞ்சு மானிடவியலர் லூயி துய்மோன் 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர் நடுவே தங்கி, 1957இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தின் இரண்டு ஊர்களில் பணியாற்றி, கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பி வந்து மாற்றங்களையும் பதிந்தார். பிரெண்டா பெக் கொங்கு நாட்டில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி எழுதிய நூல் 1972இல் வந்தது. சந்தன்நகரில் பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளித் தாய்க்கும் பிறந்த ஆந்திரே பெத்தேய், டெல்லியில் சீனிவாஸின் மாணவராக இருந்து, 1961–62இல் தஞ்சைப் பகுதியில் ஓர் ஊரின் அக்கிரகாரத்தில் குடியிருந்து ஆராய்ந்தார். 1965இல் வெளியான அவருடைய நூல் அந்த ஊரை ஸ்ரீபுரம் என்று அழைக்கிறது. முன்பு நிலமும் சடங்குத் தகுதியும் அதிகாரமும் அக்கிரகாரத்திலேயே குவிந்திருந்தன. பின்னர் நிலம் சந்தைக்கு வந்தது, கல்வி கற்றவர் நகரம் சென்றனர், பஞ்சாயத்தும் கட்சியும் அதிகாரத்தைப் பிராமணரல்லாதார் கைக்கு மாற்றின. ஆகவே சாதியில் உயர்ந்தவரே வர்க்கத்திலும் அதிகாரத்திலும் உயர்ந்தவர் என்ற பழைய பொருத்தம் தளர்ந்தது என்பது அந்நூலின் வாதம். தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டு அரசியலை ஓர் ஊரின் மூன்று தெருக்களைக் கொண்டு விளக்கிய நூல் அது என்றால் மிகையாகாது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், உறவுமுறை ஆய்வு என்னும் கிளைத்துறையின் அடித்தளத்திலேயே தமிழ் இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞரான லூயி ஹென்றி மார்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளில் தமிழ்க் குடும்பத்துக்கும் அமெரிக்காவின் இரோக்குவாய்ப் பழங்குடிக்கும் இடையே அவர் கண்ட ஒற்றுமை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. அப்பாவின் உடன்பிறந்தானின் பிள்ளைகளும் அம்மாவின் உடன்பிறந்தாளின் பிள்ளைகளும் அண்ணன் தங்கையாக, மணம் விலக்கப்பட்டவராக நிற்க, அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் முறைப்பிள்ளையாக, மணத்துக்குரியவராக நிற்பது தமிழ் மாணவருக்கு மூச்சு விடுவதுபோல இயல்பானது. இதே முறை வட இந்தியாவின் பெரும்பகுதியில் அருவருப்பாகக் கருதப்படும் என்பதையும், மானிடவியலர் இராவதி கார்வே 1953இல் இந்தியாவை உறவுமுறை வட்டாரங்களாகப் பிரித்தபோது தெற்கைத் தனியே நிறுத்தியதற்கு இது முக்கியக் காரணம் என்பதையும் அறியும்போதுதான், இயல்பு என்று எண்ணியது ஓர் அமைப்பு என்று அவருக்குப் புலப்படுகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படித் தமிழகத்தில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணந்தவர்கள். ஆகவே இது பழங்கதையும் இல்லை.

இவ்வளவு வளம் இருந்தும், தஞ்சையிலோ உசிலம்பட்டியிலோ சமூகவியல் படிக்கும் மாணவர் தம் ஊரைப் பற்றிய இந்த நூல்களை மூலத்தில் காண்பது அரிது. அவை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதப்பட்டவை. கல்லூரி நூலகங்களுக்கு எட்டாத விலையுடையவை. தமிழில் சமூகத்தைப் பற்றி எழுந்த சிறந்த எழுத்தோ, விந்தையாக, சமூகவியல் துறைகளுக்கு வெளியே பிறந்தது. நா. வானமாமலையும் அவருடைய 'ஆராய்ச்சி' இதழும், தமிழ்ப் பேராசிரியரான தொ. பரமசிவன் 1997இல் வெளியிட்ட 'அறியப்படாத தமிழகம்' நூலும், அழகர் கோயிலைப் பற்றி அவர் செய்த ஆய்வும், பக்தவத்சல பாரதியின் 'பண்பாட்டு மானிடவியல்' முதலான நூல்களும் இல்லாவிட்டால் தமிழ்வழி மாணவருக்குக் கையில் மிஞ்சுவது தேர்வுக் கையேடு மட்டுமே. இவற்றைச் சமூகவியல் பாடத்திட்டத்தின் மையத்தில் வைக்காதிருப்பதற்கு அறிவுசார்ந்த காரணம் எதுவும் இல்லை.

1916: மாணவர் எழுதிய ஊர்கள்

இளங்கலை வயதினரால் உருப்படியான ஆய்வு செய்ய முடியாது, அதற்கு முதுகலையும் முனைவர் பட்டமும் வேண்டும் என்னும் வாதம் துறைக்குள்ளேயே அடிக்கடி எழுகிறது. அதற்கு மறுப்பு சென்னையிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்திய ஊர்களைப் பற்றித் தமக்கு ஏதும் தெரியாது, மாணவர்களுக்குத் தெரியும் என்ற எளிய நிலையிலிருந்து தொடங்கினார். வினாநிரல் ஒன்றைத் தயாரித்து, 1916இல் விடுமுறைக்குச் சென்ற மாணவர்களிடம் தந்து, தத்தம் ஊரின் நிலம், பயிர், கூலி, கடன், வீடு, தொழில், வழக்கம் ஆகியவற்றை விசாரித்து எழுதி வரச் செய்தார். அவற்றுள் தேர்ந்தெடுத்தவை 1918இல் பல்கலைக்கழகத்தின் பொருளியல் வரிசையில் நூலாயின. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் இருவேல்பட்டு, விருதுநகர் மாவட்டத்தின் வடமலைபுரம், நெல்லைக்கு வடக்கே உள்ள கங்கைகொண்டான், காவிரிப் படுகையின் பாலக்குறிச்சி, காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள தூசி ஆகியவை அந்நூல் வழியே அறிவுலகில் நிலைத்த தமிழ் ஊர்கள்.

அந்த மாணவர்களின் கட்டுரைகள் கோட்பாட்டில் வலுவானவை என்று சொல்ல முடியாது. சில இடங்களில் எழுதியவரின் சாதிப் பார்வை அப்பட்டமாகத் தெரியும். ஆயினும் அவற்றின் மதிப்பு காலத்தோடு கூடிக்கொண்டே வந்தது. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்து 1940இல் நூலாக்கினர். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் அவ்வூர்களைத் திரும்பிப் பார்த்தார். 1980களில் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டுக்குச் சென்றனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மறுபடியும் சென்று, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அங்கே பெருநிலக் குடும்பத்தின் மேலாதிக்கம் தளர்ந்ததையும், உழைப்பவர்களின் பிழைப்பு வயலுக்கு வெளியே நகர்ந்ததையும் பதிவு செய்தனர். இந்தியாவில் இத்தனை நீண்ட காலம் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஊர்கள் மிகச் சில. அந்தத் தொடரின் முதல் கண்ணி விடுமுறைக்கு வீட்டுக்குப் போன கல்லூரி மாணவர்களின் நோட்டுப் புத்தகம்.

அதே 1916இன் மே மாதத்தில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை படித்தார். தன் கூட்டத்துக்குள்ளேயே மணம் செய்யும் அகமண முறையே சாதியின் உயிர்நாடி என்றும், அதைக் காக்கவே விதவைக் கொடுமையும் சிறுமியர் மணமும் தோன்றின என்றும் வாதிட்ட அந்த மாணவர் பி. ஆர். அம்பேத்கர். சாதியையும் பெண்ணின் மீதான கட்டுப்பாட்டையும் இவ்வளவு தெளிவாக இணைத்த அக்கட்டுரை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் வாசிப்புப் பட்டியல்களில் பல பத்தாண்டுகள் இடம்பெறாமல் கிடந்தது. துறை தன்னைத்தானே ஆராய வேண்டிய செய்திகளுள் இது முதன்மையானது.

களம் எப்போதும் அமைதியான இடமும் அன்று. இலங்கைத் தமிழரான ஸ்டான்லி தம்பையா, பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியராகி உலகப் புகழ் பெற்றவர், இளம் ஆசிரியராக இருந்தபோது 1956 ஜூனில் சிங்கள, தமிழ் மாணவர்கள் கலந்த குழுவொன்றை இலங்கைப் பல்கலைக்கழகத்திலிருந்து கல்லோயாக் குடியேற்றப் பகுதிக்குக் கணக்கெடுப்புக்காக அழைத்துச் சென்றார். தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டி வெடித்த வன்முறை அவர்களைச் சூழ்ந்தது. அந்த அனுபவத்துக்குப் பின் அவர் தமது ஆய்வைத் தாய்லாந்துக்கு நகர்த்தினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகே இலங்கையின் இனக் கலவரங்களைப் பற்றி எழுதத் திரும்பினார்.

யார் எந்தத் தெருவுக்குள் போகலாம்?

சொந்த ஊரை ஆராய்வது வெளியூரை ஆராய்வதைவிட எளிது என்று தோன்றும். உண்மையில் அதுதான் கடினம். பெத்தேய் அக்கிரகாரத்தில் குடியிருந்த காரணத்தாலேயே சேரிக்குத் தடையின்றிச் சென்று வர முடியவில்லை என்று தமது நூலிலேயே பதிவு செய்துள்ளார். வெளியூர்க்காரருக்கே அந்த நிலை என்றால், ஊரில் பிறந்த மாணவருக்கு முகவரியே அடையாள அட்டை. ஆதிக்கச் சாதியில் பிறந்தவர் காலனிக்குள் வினாநிரலோடு நுழைந்தால் மரியாதையான பதில் கிடைக்கும், உண்மையான பதில் கிடைக்காது. எதிர்த்திசையில் காலனியிலிருந்து ஊர்த்தெருவுக்குள் வரும் மாணவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார் என்பதே ஓர் ஆராய்ச்சிப் பிரச்சினை. மாணவியருக்கு வேறு எல்லைகள் உண்டு: டீக்கடையும் ஊர்க்கூட்டமும் அவர்களுக்கு அடைபட்டிருக்கலாம், ஆனால் எந்த ஆண் ஆய்வாளரும் எட்டாத அடுப்படிப் பேச்சு அவர்களுக்குத் திறந்திருக்கிறது. இந்தத் தடைகளைக் குறையாகக் கருதி மறைக்காமல், தரவாகக் கருதி அறிக்கையில் எழுதக் கற்பிப்பதே நல்ல ஆசிரியரின் வேலை. எவரிடம் கேட்க முடிந்தது, எவரிடம் முடியவில்லை, ஏன் முடியவில்லை என்ற ஒரு பக்கம், பத்துப் பக்க அட்டவணைகளைவிட அவ்வூரைப் பற்றி அதிகம் சொல்லும். தகவல் தந்தவர்களின் பெயரையும் தேவைப்பட்டால் ஊரின் பெயரையும் மாற்றி எழுதுவது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கும். ஆய்வு முடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடும் ஆய்வாளரைப் போலன்றி, இந்த மாணவர் அதே தெருவில் தொடர்ந்து வாழ வேண்டியவர்.

இதற்கு மாறாகத் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது தேர்வு மையப் படிப்பு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சிறப்புநிலை இளங்கலையில் உறவுமுறை, சமயம், பாலினம், பொருளாதாரம், அரசியல் ஆகியவற்றின் சமூகவியலும், சமூக அடுக்கமைவும், ஆராய்ச்சி முறைகளுக்கென்று தனித் தாள்களும் உள்ளன. மூலக் கட்டுரைகளை வாசித்து எழுதுவது அங்கே கட்டாயம். தமிழகத்திலோ வணிகவியலோடும் கணினிப் பாடங்களோடும் ஒப்பிட்டால் சமூகவியல் இளங்கலை நடத்தும் கல்லூரிகள் குறைவு. மாநிலப் பாடத்திட்டத்தில் பள்ளி முடித்து வரும் மாணவர்களில் பெரும்பாலோர் இப்பாடத்தின் பெயரைக் கல்லூரி விண்ணப்பத்தில்தான் முதலில் காண்கிறார்கள். சேர்ந்த பின் சமுதாயம், சமூகக் குழு, நிறுவனம் ஆகியவற்றுக்கு மெக்கைவரும் பேஜும் 1949இல் தந்த வரையறைகளை எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். ஆராய்ச்சி முறைத் தாளில் நேர்காணலின் வகைகளையும் நன்மை தீமைகளையும் வரிசையாக எழுதத் தெரிந்தவர் மூன்றாண்டில் ஒரு நேர்காணல்கூடச் செய்யாமல் பட்டம் பெற முடியும். நீச்சலைக் கரும்பலகையில் கற்பித்துச் சான்றிதழ் தருவதற்கு ஒப்பானது இது.

இதில் மாணவரைக் குறை சொல்வது நியாயமன்று. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படித் தமிழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. வேறு மாநிலங்களில் கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே வகுப்பறையில் இருக்கிறார்கள் என்பதே அந்த இடைவெளியின் பொருள். பியர் பூர்தியுவும் ழான் குளோத் பஸ்ரோனும் 1964இல் பிரெஞ்சுக் கலைத்துறை மாணவர்களை ஆராய்ந்து எழுதிய நூல், வீட்டிலிருந்தே நூல்களும் பேச்சு நடையும் ரசனையும் வாய்க்கப்பெற்ற மாணவரின் மரபுரிமையைக் கல்வி நிறுவனம் இயற்கைத் திறமை என்று தவறாக எண்ணிப் பரிசளிக்கிறது என்று காட்டியது. வீட்டு வழி வரும் இந்தச் சொத்தைப் பூர்தியு பின்னர் 'பண்பாட்டு மூலதனம்' என்று விளக்கினார். ஆங்கில மூலக் கட்டுரையை வாசித்து விவாதிப்பதில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்த மூலதனம் குறைவு. ஆனால் கூலி கொடுக்கும் முறையை, கந்து வட்டியை, கோயில் முதல் மரியாதைச் சண்டையை விளக்குவதில் அவரிடம் உள்ள அறிவு நகரத்து மேட்டுக்குடி மாணவரிடம் இல்லை. களப்பணியை மையமாக்கினால் அவருடைய பலமே மதிப்பெண்ணுக்குரியதாகும். மனப்பாடத்தை மையமாக்கினால் அவருடைய பலவீனமே அளக்கப்படும்.

வேலைவாய்ப்பு என்ற கேள்வியை சில வாக்கியங்களில் முடித்துவிடலாம். குடிமைப் பணித் தேர்வின் முதன்மைக் கட்டத்தில் விருப்பப் பாடமாகச் சமூகவியல் 500 மதிப்பெண்களுக்கு உரியது. பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்குப் பட்டம் தேவையில்லை. கல்லூரி ஆசிரியராக முதுகலையும் தகுதித் தேர்வும் வேண்டும். தொண்டு நிறுவனங்கள், கணக்கெடுப்பு நிறுவனங்கள், சந்தை ஆய்வு, ஊடகம், சமூகநலத் துறை ஆகியவை இப்பட்டதாரிகளை எடுத்துக்கொள்கின்றன; அங்கெல்லாம் வரையறை தெரிந்தவரைவிட, அறிமுகமில்லாத வீட்டின் வாசலில் நின்று ஒருவரைப் பேச வைக்கவும், கேட்டதைத் திரிக்காமல் எழுதவும் தெரிந்தவருக்கே மதிப்பு.

எனவே இப்பாடத்தில் சேர நினைக்கும் மாணவரும் பெற்றோரும் கல்லூரியின் தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் துறைத் தலைவரிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். களப்பணிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது, அதற்கு மதிப்பெண் எவ்வளவு? சென்ற ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வறிக்கைகளைப் பார்க்க முடியுமா? அவற்றைத் தமிழில் எழுத அனுமதி உண்டா? அறிக்கைகளைத் துறை பாதுகாத்து வைக்கிறதா, தேர்வு முடிந்ததும் பழைய காகிதக் கடைக்கு அனுப்பிவிடுகிறதா? துறைகளின் பங்குக்கு, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாணவரும் தம் தெருவைப் பற்றி ஒரே வினாநிரலைக் கொண்டு எழுதும் அறிக்கைகளைத் திரட்டி, எண்ணிட்டு, நூலகத்தில் வைக்கத் தொடங்கினால் போதும். அதற்குப் புதிய கட்டடமோ மானியமோ தேவையில்லை. வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கலாம்.